குயின்ரஸ் என்றால் ஐந்தாவது

குயின்ரஸ் மன்னார்க்காரன், திரேசம்மாவின் ஐந்தாவது பிள்ளை. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, லத்தீன் படித்த பங்குச் சுவாமி வைத்த பேர் அது. பழைய ரோமாபுரியில் ஐந்தாம் பிள்ளைக்கு அப்படித்தான் பேராம்; தளபதிகளும் புலவர்களும் சுமந்த பேர் என்றார் சுவாமி. சுமந்து என்ன, குயின்ரஸ் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான்.

தொண்ணூற்றொன்றில் அகதி வழக்குக்குப் பத்திரம் நிரப்பியபோது, மொழிபெயர்க்க வந்த அருள்நாயகம் அண்ணை சகோதரர் பட்டியலில் பேனையை நிறுத்தினார். நாலாவது கஸ்பர் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போனவன். ஒரு வருடமாகத் தகவலே இல்லை.

"உவனை எழுதினால் கேள்வி கூடும், தம்பி. விடும்."

குயின்ரஸ் விட்டான். ஊரோடு ஒத்தோடுகிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வழக்கும் வென்றது.

வேலையிடத்தில் இத்தாலிச் சமையல்காரக் கிழவன் அவன் பேரைக் கேட்டதும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தான். "இல்லை, நாங்கள் நாலு பேர்தான்" என்றான் குயின்ரஸ். கிழவனிடம் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை. வாய் பழகிவிட்டது.

தொண்ணூற்றாறில் அம்மாவைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் பண்ணினான். திரேசம்மா கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கினாள். அவளும் தன் பிள்ளைகளின் பேர்களைப் பத்திரத்தில் எழுதவேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்து குயின்ரஸ் போன் எடுத்தான்.

"அம்மா, நான் எழுதினமாதிரி நாலு பேரைத்தான் நீங்களும் எழுதவேணும். மாறினால் ரெண்டு பேருக்கும் பிரச்சினை."

"கஸ்பரை?"

"அவனை விடுங்கோ."

"அவன் செத்ததை ஆர் கண்டது? பெத்த நான் அவனை இல்லையெண்டு எழுதிறதோ?"

"ஒரு கையெழுத்துத்தானே அம்மா."

திரேசம்மா கேட்டாள்: "அவன் இல்லையெண்டால் நீ எப்பிடியடா ஐஞ்சாவது?"

அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெட்கம் பிறகு வந்து, போகாமல் இருந்துவிட்டது. திரேசம்மா கையெழுத்து வைக்காமலே மன்னாருக்குத் திரும்பினாள். இரண்டு வருடத்தில் அங்கேயே கண்ணை மூடினாள்.

மரண அறிவித்தல் கொடுக்க குயின்ரஸ் தமிழ்ப் பத்திரிகைக் கந்தோருக்குப் போனான். அங்கே ரைப் பண்ணுகிற றஜிதா, பிள்ளைகளின் பேரோடு அவரவர் இருக்கிற நாட்டையும் வழக்கப்படி கேட்டாள். மூத்த மூவரையும் சொன்னான். நாலாவதாக, ஏழு வருடம் சொல்லாத பேரைச் சொன்னான்.

"கஸ்பர்."

"அவர் எந்த நாடு, அண்ணை?"

குயின்ரஸ் எட்டி, அவள் அடித்த பேரில் எழுத்து சரியோ என்று பார்த்தான்.

"பேரை மட்டும் போடுங்கோ, பிள்ளை" என்றான்.