கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன்

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். ஒருத்தி உண்மையிலேயே சாப்பிடுகிறாளா என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த வழி அதுதான். வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலையில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். நசரத்பேட்டையில் ஒரு வீட்டில் கேட்டதை மட்டும் மறக்க முடியவில்லை.

அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். பூந்தமல்லியில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவனை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அன்று காலை அவன் உடம்பு லேசாகச் சுட்டது. லீவு போட்டிருக்கலாம். போடவில்லை.

அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம்; எட்டாம் மாதம். புருஷன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். மாமியார் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னா நர்ஸம்மா, எங்களுக்கு மாத்திர குட்த்துட்டு நீயே இப்பிடி எளச்சிக் கீறியே? நீ இன்னாதான் துண்றே?" என்றார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உடம்பில் ரத்தம் போதுமா என்று அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துத்தான் தெரிந்தது. வெளிச்சத்துக்கு அழைத்து வந்து இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும்.

"மாத்திரை சாப்பிடறியாம்மா?"

"துண்றேன் நர்ஸம்மா."

"கறுப்பாப் போகுதா?"

"ஆமா, கறுப்பாத்தான் போவுது."

பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டேன். எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டிருந்தால் தடுமாறியிருப்பாள். அந்தப் பதில் வந்த வேகமும் எனக்குத் தெரிந்ததுதான். வயிற்றில் என் மகன் இருந்தபோது, குமட்டலுக்குப் பயந்து பாதி மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, டாக்டரிடம் இதே வேகத்தில் ஆமாம் சொன்னவள் நான்.

"நிஜமாவா?" என்று கேட்க வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாப்பிடுகிறாள், ரத்தம் ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளையும் கொடுத்துவிட்டு ஓடினேன். வீட்டில் மகனுக்குக் காய்ச்சல் இல்லை. தவழ்ந்து வந்து என் புடவையைப் பிடித்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடம்பில் ஏற்கெனவே ரத்தம் குறைவு, அதனால்தான் தாங்கவில்லை என்றார்களாம். அவள் வீடு திரும்பவில்லை.

குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டியது என் வேலை. ஏதேதோ காரணம் சொல்லிச் சில நாள் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் போனேன். மாமியார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய பால் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். முக்கால் டப்பா சிவப்பு மாத்திரைகள்.

"அவ துணியாண்ட இருந்துச்சி நர்ஸம்மா. இத்த துண்ணா கொயந்த பெருசா வளந்துடும், வயித்த கிழிச்சித்தான் எடுக்கணும்னு யாரோ சொல்லிக் கீறாங்கோ. பயந்துகினு ஒளிச்சி வச்சிட்டா. என் கையிலகூட சொல்லல. வேற யாருக்கனா ஆவும், எடுத்துகினு போ."

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் என் பாரம் குறையும். அவருக்கு என்ன கிடைக்கும்? சொல்லவில்லை. அது அவருக்காகவா, பயத்தினாலா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

குழந்தையை எடை போட்டேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும், பால் பவுடரை இத்தனை கரண்டிதான் போட வேண்டும் என்று விளக்கினேன்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சிது நர்ஸம்மா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

"நீங்க ஒரு தடவ கலந்து காட்டுங்கம்மா. நான் பார்க்கிறேன்."

அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதிக்கும்வரை குழந்தையை நான் வைத்திருந்தேன்.