நீல விளக்கும் சலீம் பாயின் கன்னமும்

பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலையில் எங்கள் முதல் வாய்ப் பரிசோதனை கேம்ப். காலை பத்தரை வரை ஒருவரும் வரவில்லை. வேலூர் மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டாக இருந்த நான், சாம்பிள் ரூமின் ஜன்னல்களை மூடி, இருட்டாக்கி, கையில் நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் அதற்கான கண்ணாடி போட்டு அந்த விளக்கை வாய்க்குள் காட்டினால் வாயின் நல்ல உட்தோல் வெளிர்பச்சையாகத் தெரியும். சந்தேகத்துக்குரிய இடம் கறுத்துத் தெரியும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் கேன்சர் என்ற சொல் எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

சூப்பர்வைசர் சலீம் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு பயப்பட்றீங்க? நான் உக்கார்றேன், பாருங்க" என்று நாற்காலியில் வந்து அமர்ந்தார். வாசலில் முப்பது பேர் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சுத் துணியால் துடைத்தேன், போகவில்லை. நீல விளக்கில் அதே இடம் கறுப்பாக நின்றது. விளக்கை அணைத்தேன்.

"முடிஞ்சது பாய், எழுந்துக்குங்க" என்றேன்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல. வாங்கய்யா!" என்று அவர் கத்தினார். வரிசை சேர்ந்துவிட்டது. அவர் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளை உட்காரச் சொன்னேன்.

மாலையில் அவரைத் தனியே கூப்பிட்டேன். "இடது கன்னத்துல ஒரு இடம் இருக்கு பாய். வியாழக்கிழமை வேலூர் வாங்க, டாக்டர் பாக்கணும்."

"எனக்கு வலியே இல்லயே சிஸ்டர்."

"வலி வர்றதுக்கு முன்னாடி பாக்கணும்னுதான் இந்த கேம்பே."

"அதுதானா?"

"எனக்குத் தெரியாது. இந்த லைட்டு நோய்க்குப் பேர் சொல்லாது. டாக்டர் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

இருபது வருடமாக அந்தக் கன்னத்தில் புகையிலை அடக்கி வந்ததை அப்போதுதான் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே வீட்டில் எதுவும் தெரியாது என்று புரிந்தது. "கேம்ப் விஷயமா பாயைப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சலீம் பாய் அவசரமாக வெளியே வந்து என்னைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார்.

"பொண்ணு கல்யாணம் பேசி முடிச்சிருக்கு சிஸ்டர். இப்ப இது தெரிஞ்சா வீடே பேஜார் ஆயிடும். கல்யாணம் முடியட்டும், வர்றேன்."

"கல்யாணம் எப்போ?"

"ஆறு மாசம் இருக்கு."

"அதுவரைக்கும் தினம் கண்ணாடில வாயத் திறந்து பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

அவர் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. தினமும் பார்க்கிறார் என்று தெரிந்தது. "திங்கக்கிழமை வர்றேன். வீட்ல நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

மனைவியோடுதான் வந்தார். டாக்டர் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் கேட்க வந்த அன்று டாக்டர் வாய் திறக்கும்வரை அந்த அம்மா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கேன்சர் இல்லை. ஆனால் செல்கள் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தன. டாக்டர் அந்த இடத்தை மட்டும் அகற்றினார். புகையிலையை விடவைக்கத்தான் அதிகப் பாடு, இரண்டு முறை விட்டு மறுபடி தொட்டார், மூன்றாம் முறை ஒரேயடியாக விட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்றும் பரிசோதனைக்கு வருகிறார்.

அடுத்த வருட கேம்பில் நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சலீம் பாய் வாசலில் நின்று வாயைத் திறந்து கன்னத்துத் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தார். "போன வருஷம் ஒண்ணுமில்லன்னு கத்தினேன் இல்ல? இருந்துச்சு. சீக்கிரம் பாத்ததால போச்சு" என்றார். வரிசை கேட் வரை நின்றது.

அன்று முப்பது பேர் முன்னால் நான் சொல்லியிருந்தால் அவர்களும் ஓடியிருப்பார்கள், அவரும் ஓடியிருப்பார். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தேகத்தைத் தனியாகச் சொல்லுங்கள், அடுத்து வரவேண்டிய நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நாளில் ஆள் வரவில்லை என்றால், உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.