ஓலை வாசிக்கும் வரை

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் வட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். நாண்களைப் பற்றி ஒரு படம் காட்டலாம் என்று ஸ்மார்ட் போர்டில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தேன். படம் வந்தது. அதன் வலப்பக்க ஓரத்தில் மீசை வைத்த ஓர் ஆணும் வந்தார். அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'கணவரை இழந்தவரா? மதுரையிலேயே நல்ல வரன் காத்திருக்கிறார்!'

நாற்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள். அத்தனை கண்ணும் அந்த ஓரத்துக்குப் போனது. பிறகு கடைசி பெஞ்சில் யாரோ தும்முவதுபோல் சிரித்தாள், வகுப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது. நான் முறைத்தால் ஃபேன்கூட மெதுவாகச் சுற்றும் என்று எங்கள் மிஷன் பள்ளியில் பேச்சு உண்டு. அன்று என் முறைப்பு எடுபடவில்லை.

தப்பு என்னுடையதுதான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள், "தனியா இருந்தது போதும்மா, நீயே தேடு" என்று நச்சரித்ததால், முந்தைய ஞாயிறு மதியம் வீட்டு லேப்டாப்பில் மறுமணத் தளம் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதே சொந்த இணையக் கணக்கில்தான் பள்ளிக்கூடத்து போர்டிலும் நுழைவேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அப்படித்தான். பாடத்துக்குச் சேர்த்து வைத்த படமும் வீடியோவும் சொந்தக் கணக்கில் கிடக்கும்போது, பள்ளிக்கென்று இன்னொன்றை யார் திறப்பது?

நான் ஸ்டாஃப் ரூம் வாசலை மிதிப்பதற்குள் செய்தி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. தமிழ் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரும் நான் போகும் சர்ச்சின் சபைக்காரர்தான். பள்ளியிலும் சபையிலும் அவருக்குத் தெரியாமல் ஓர் இலை அசையாது.

"என்ன டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எம்புட்டு வரன் கையில வச்சிருக்கேன்!"

"அது எல்லாருக்கும் வர்ற விளம்பரம் டீச்சர்," என்றேன்.

"எனக்கு முழங்கால் தைலம்தான டீச்சர் வருது?"

அறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

காரணம் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு என் கணவர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் இறந்தபோது நான் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். போன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது. டீச்சர்களுக்குத் தெரிந்தது, பியூனுக்குத் தெரிந்தது, கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்கும் தெரிந்தது. பீரியட் முடியட்டும் என்று பெல் அடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் என் வாழ்க்கையின் சேதி எனக்குக் கடைசியாக வந்தது. இனி நல்லது ஒன்று நடந்தால் அதை நான்தான் சொல்ல வேண்டும், நான் நினைத்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே மனதில் ஒரு வைராக்கியம் விழுந்துவிட்டது. அதைப் போய் ஒரு மீசைக்கார விளம்பரம் கெடுப்பதா?

சாயங்காலம் கம்ப்யூட்டர் டீச்சர் என்னை லேபுக்குள் கூப்பிட்டார். கோரிப்பாளையத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"தமிழ் டீச்சர் சொன்னது சரிதான் டீச்சர். எல்லாருக்கும் வராது. நீங்க எங்கெங்க போறீங்கன்னு பின்னாடியே வந்து குறிச்சுக்கிட்டு இருக்காய்ங்க."

"யாரு?"

"ஒரு ஆளா இருந்தாப் பரவால்லயே. நீங்க ஒரு பக்கத்தத் தொறந்தா, அதுக்குள்ள ஏகப்பட்ட கம்பெனிக்காரங்க ஒளிஞ்சிருப்பாய்ங்க. பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன்னு ஒரு குட்டி புரோகிராமப் போட்டுட்டா உள்ளயே விடாது."

ஒரு துண்டுத் தாளில் அதன் பெயரை எழுதிக் கொடுத்தார். வரன் தேடுகிறீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. அதற்காகவே அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லலாம்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து நானே செய்தேன். பழைய தடயங்களையெல்லாம் அழித்தேன். எக்ஸ்டென்ஷனைச் சேர்த்ததும் மூலையில் குட்டியாக ஒரு கேடயம் முளைத்தது. எத்தனை பேரைத் தடுத்தது என்று அதில் எண் காட்டும். செய்தித் தளம் ஒன்றைத் திறந்தேன். ஐந்து. பன்னிரண்டு. இருபத்தாறு! நான் நைட்டியோடு உட்கார்ந்து மழைச் செய்தி படிக்க, என் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க இருபத்தாறு பேர்! ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கொசு மட்டையைக் கையில் எடுத்தவள்போல், அடிக்கும் சுகத்துக்காகவே நாலைந்து பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்தேன்.

மறுமணத் தளம் மட்டும் பாதியில் நின்று முரண்டு பிடித்தது. அந்தத் தளத்துக்கு மட்டும் காவலைத் தளர்த்துவது எப்படி என்று கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்து போர்டுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, அங்கேயும் கேடயத்தை மாட்டினேன்.

அந்தத் தளத்தில்தான் அவர் கிடைத்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் தபால் அலுவலகத்தில் கிளார்க், மனைவியை இழந்தவர், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். கீழக்குயில்குடியில் மலையடிவாரத் தாமரைக் குளத்தருகே இரண்டு முறை சந்தித்தோம். இரண்டாவது முறை நான் சரி என்றேன்.

"எங்க அக்காகிட்ட சொல்லவா?" என்று கேட்டார்.

"அக்காவுக்குச் சொல்லுங்க. எம் மகளுக்கு நான் சொல்லிக்கிறேன். ஊருக்கு வேணாம். ஊருக்குக் கோயில்ல ஓலை வாசிக்கும்போது தெரிஞ்சாப் போதும்."

சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஆராதனையில் ஆயர் இருவர் பெயரையும் சத்தமாக வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். அதுதான் ஓலை. தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. ஓலைக்கு நான்கு மாதம் இருந்தது.

அந்த நான்கு மாதமும் தமிழ் டீச்சர் சாக்பீஸ் கேட்டு என் வகுப்புக்கு வந்தார். அவர் வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டுதான், சாக்பீஸ் எதற்கு? கை என்னிடம் நீளும், கண் திரையின் ஓரத்துக்குப் போகும். ஓரம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். வீட்டு லேப்டாப்பில் நான் பட்டுச் சேலையும் மோதிரமும் மண்டபமும் தேடித் தேடி ஓய்ந்திருந்தேன். அதில் ஒரு நூல்கூடப் பள்ளிக்கு வரவில்லை. "எம்புட்டு வேணும் டீச்சர்?" என்று கேட்டு, இரண்டு சாக்பீஸ் அதிகமாகவே கொடுத்து அனுப்புவேன்.

புது வருடத்தின் முதல் ஞாயிறு. நான் என் கையால் எழுதிக் கொடுத்த படிவத்தை ஆயர் கையில் எடுத்தார். முதலில் மாப்பிள்ளை பெயர், அடுத்து என் பெயர். கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த தமிழ் டீச்சர் திரும்பிய வேகத்தில் முக்காடு தோளில் விழுந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி டீச்சர்? எனக்கே தெரியலயே!"

"இப்பத்தான டீச்சர் வாசிச்சாக," என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் ஒன்பது 'பி'யில் முதல் பீரியட். பரீட்சைக்கு மறுபடி வட்டங்கள். அதே பக்கத்தைத் திறந்தேன், அதே படம் வந்தது. மீசைக்காரர் நின்ற ஓரம் வெறுமையாக இருந்தது. போர்டுப் பேனாவை எடுத்து அங்கே எழுதினேன்: 'தை மாதம் எனக்குக் கல்யாணம். ஒன்பது பி முழுக்க வர வேண்டும்.'

அன்றைக்குப் போலவே அத்தனை கண்ணும் அந்த ஓரத்துக்குப் போனது. பிறகு நாற்பத்தெட்டுப் பேரும் பெஞ்சைத் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தார். பீரியட் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. பெல்லுக்காக நான் காத்திருக்கவில்லை.