சாக்குப் போட்டு மூடிய மெஷின்

ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் நிட்டிங் மெஷின் கம்பெனிக்குள் போட்டிக் கம்பெனிக்காரர்கூட வருகிறார். பாதி முடிந்த மெஷினைத் திறந்து காட்டி, காபியும் கொடுத்து அனுப்புகிறார்கள். எனக்கோ அந்நிய முகத்தைக் கண்டாலே மெஷினை மூடக் கை துணியைத் தேடும். ஒருநாள் என் கோட்டைக் கழற்றி மெஷின்மேல் போட்டேன். உடன் வேலை செய்யும் கிளவுஸ் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். மெஷினுக்குக் குளிரும் என்று நான் பயப்படுவதாக நினைத்துவிட்டார்.

பெருமாநல்லூரில் என் அக்கா வீட்டுக்காரர் பழனிச்சாமி, எண்பதுகளில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டர். ஊசி ஒடிந்தால் துணி நெடுகக் கோடு விழும். கவனிப்பதற்குள் பாதித் துணி வீண். ஒடிந்ததுமே மெஷினை நிறுத்தும் சாதனம் ஒன்றைக் குடைக்கம்பியும் டார்ச் பேட்டரியும் வைத்து இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்தார். எங்கள் பக்கத்தில் புதிதாக எதைச் செய்தாலும் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். ஒருவர் கண்ணில் பட்டால் மறுநாளே பத்து கம்பெனியில் அது ஓடும். யாருடையது என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது. புதுக் கண்டுபிடிப்புகளுக்கு அரசாங்கம் உதவுகிறது என்று கேள்விப்பட்டு, இன்ஜினியரிங் படித்த நான்தான் விண்ணப்பம் எழுதினேன்.

அதிகாரி பார்வையிட வந்த காலையில், அதே காரிலிருந்து இரண்டு கம்பெனி முதலாளிகளும் இறங்கினார்கள். மச்சானை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். “கழட்டிருங்க மச்சான். இவங்க போனப்பறம் ஆபீசருக்கு மட்டும் தனியாக் காட்டிக்கலாம்” என்றேன்.

“ஏனுங்க மாப்ள, பாக்கறதுக்குத்தானுங்க அவரு வந்திருக்காரு?” என்றார். ஆனாலும் படித்தவன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்துக் கழற்றினார். அதிகாரி வெறும் மெஷினைச் சுற்றி வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முதலாளிகளோடே கிளம்பிவிட்டார். புதிதாக ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மச்சான் எதையும் செய்து பார்க்கவில்லை. நான் விமானம் ஏறினேன்.

யோசனை சொன்னவன் பெயரை முதலில் பதிந்துகொள், பிறகு ஊருக்கே காட்டு என்பதுதான் இங்கே அரசாங்கத்தின் கொள்கை. தோற்றுப்போன முயற்சிக்கும் உதவி உண்டு. அறிவை வைத்து ஒரு நாடு பிழைப்பது இப்படித்தான். நம் நாட்டிலும் திட்டம் இருந்தது. காட்டினால் பறிபோகாது என்ற நம்பிக்கைதான் இல்லை.

போன வருடம் மச்சானின் முறையை நான் இங்கே வரைந்து கொடுத்தேன். யாருடைய யோசனை என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். காப்புரிமை என் பெயரில் வந்தது. தாங்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போன் போட்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“அது நல்லா ஓடுதுங்களா மாப்ள?”

“ஓடுதுங்க மச்சான்.”

“அப்பச் செரீங்க” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அன்று தூங்கியிருப்பேன்.

காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரும், நாடு என்ற இடத்தில் ஜெர்மனியும் அச்சாகியிருக்கின்றன. இரண்டும் பொய் என்று இங்கே எனக்குத் தெரியும், பெருமாநல்லூரில் மச்சானுக்குத் தெரியும்.