அற்புதத்துக்குப் போதுமான ஐந்து சுரம்

அன்னூரில் பருத்திக்குக் களை எடுத்த பாட்டோடுதான் அற்புதம் கோயமுத்தூருக்கு ஆயா வேலைக்கு வந்தாள். பங்களாவின் துரைசானி அமெரிக்காவில் ஏதோ மலைக்காட்டில் பிறந்தவள். துணி தைக்கும்போது தன் ஊர்ப் பாட்டை முனகுவாள். இரண்டு பாட்டுக்கும் அக்கா தங்கை முகச்சாயல். தன் பாட்டை ஆயா கற்றுக்கொண்டாள் என்று துரைசானி இருபது வருஷம் நம்பினாள்.

"என் பாட்டைத் திருடிப்போட்டாங்க. கேட்டாச் சிரிக்கறாங்க" என்று அற்புதம் வீட்டில் சொல்வாள்.

மகன் பிரகாசம் நூல் மில்லில் பிட்டர். அம்மா இருமலில் படுத்த எட்டு மாதமும், ஷிப்டு முடிந்து வந்து ஆர்மோனியம் வாசித்தான். காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் ஒலி தரும் பித்தளை நாக்குகள் தேய்ந்து முறிந்தன. மாற்று நாக்கு கிடைக்கவில்லை. மத்திமம், நிஷாதம் இரண்டின் நாக்கையும் கழற்றி, அடியில் சுரண்டிச் சுருதி இறக்கி அங்கே மாட்டினான். அம்மா கேட்ட பாட்டுகளுக்கு மத்திமமும் நிஷாதமும் தேவைப்படவில்லை; மிச்ச ஐந்தே போதும்.

1936 ஆடியில் அவள் போய்விட்டாள்.

அன்னூரிலிருந்து காலை பஸ்ஸில் தங்கை சின்னத்தாயி வந்தாள். அக்காள் சேர்ந்த கிறிஸ்து வேதத்தில் அவள் சேராதவள். யார் முந்திப் போனாலும் மற்றவள் பாடி அனுப்புவது என்று அக்காளும் தங்கையும் சின்ன வயதில் பேசிவைத்திருந்தார்கள். போதகர் ஒப்பாரி கூடாது என்றார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

போதகர் ஒரு பாட்டின் எண் சொன்னார். பிரகாசம் வாசிக்கவில்லை.

"அதுல மத்திமம் வருதுங்க. பெட்டி பேசாதுங்க."

"ஏனப்பா, இன்னைக்குப் பார்த்தா கெடோணும்?"

"கெடலீங்க. நாந்தான் கழட்டிப்போட்டேன்."

"பேசறதை வாசி, போ."

துரைசானியின் பாட்டுத்தான் கைக்கு வந்தது. துக்கத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்த துரைசானி எழுந்து பாடினாள். இரண்டாவது வரியோடு கைக்குட்டையில் முகம் புதைத்து உட்கார்ந்துவிட்டாள். பெட்டி நிற்கவில்லை.

நிலைப்படியிலிருந்து மூன்றாவது வரி வந்தது. தமிழில். 'களை பாதி கெடக்குதே அக்கா, கையை உதறிப் போனாயே' என்று சின்னத்தாயி எடுத்தாள். மெட்டு ஓரிடத்தில்தான் விலகியது. பிரகாசம் விரலை அவள் பக்கம் திருப்பினான். அதற்கும் பெட்டியில் சுரம் இருந்தது.

போதகர் துரைசானியைப் பார்த்தார். அவள் பாயில் நகர்ந்து, சின்னத்தாயிக்கு இடம் விட்டாள். போதகர் புத்தகத்தை மூடினார்.

பாட்டு நின்றதும் சின்னத்தாயி மூக்கைத் துடைத்தாள்.

"ஏங் கண்ணு, நம்ம களைப்பாட்டு அந்தச் சீமைக்கு எப்பிடிப் போச்சு?"

"போகலீங்க சின்னம்மா. அங்கயும் அஞ்சே சுரம் வெச்சுப் பாடியிருக்கறாங்க."

"அவங்களும் களை எடுத்திருப்பாங்க" என்றாள். "இன்னொருக்கா வாசி. கடைசி அடி நான் இன்னும் பாடலை."

எட்டு மாதமாக ஓயாத கை. துருத்தியை மறுபடி இழுத்தான்.