எங்க லிமிட் இல்லம்மா

பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் அவள் தொழில். ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருந்தாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அளவு சொல்லாமல் துணியை வீசிவிட்டுப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக், சர்க்கரை நோயாளி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனில் போய் நின்றாள்.

"கடைசியா எங்க பஸ் ஏறப் போனாரு?" ஏட்டு தலை நிமிராமல் கேட்டார்.

"மார்க்கெட் ஸ்டாப்புல."

"அது எங்க லிமிட் இல்லம்மா. அங்க போங்க."

அங்கே போனால், "வீடு எங்கயோ அங்கதான் புகார் குடுக்கணும்" என்றார்கள். நான்கு நாள் இரண்டு ஸ்டேஷனும் அவளைப் பந்தாடின. பெரிய ஆஸ்பத்திரியின் கவுன்டரில், அவர் பெயர் லிஸ்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் முதல் ஸ்டேஷன் ஏட்டு சிரித்தார். "வீட்ல ஏதாச்சும் சண்டையா? இந்த வயசுல சில பேருக்குப் புதுசா ஆசை வரும்."

"உங்க வீட்டம்மா காணாமப் போனாலும் இப்படித்தான் சிரிப்பீங்களா?"

அவர் முகம் கறுத்தது. புகாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், ரசீது தரவில்லை. வீட்டுக்கு வந்தால் நாத்தனார் காத்திருந்தாள். "உன் வாய்க்குப் பயந்துதான் எங்கண்ணன் ஓடியிருக்கான்."

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், பெயர் தெரியாமல் யாரையாவது சேர்த்தார்களா என்று கேட்டாள். பிணவறைக்கு அனுப்பினார்கள். அவர்தான். பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்திருக்கிறார். பர்ஸையும் போனையும் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நினைவு தெளியாமல் வார்டில் ஒன்பது நாள் கிடந்து, மூன்று நாளுக்கு முன்னால் செத்துப் போயிருந்தார். சேர்த்த அன்றே ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. அந்த ஏட்டின் ஸ்டேஷனுக்குத்தான்; ஆஸ்பத்திரி அவர் லிமிட்டில்தான் இருந்தது. வார்டு நர்ஸ் நகலைக் காட்டினாள். அதில் பெற்றுக்கொண்டதாக ஸ்டேஷன் முத்திரையும் இருந்தது.

நகலோடு போனாள். அசல் ஏட்டின் மேஜையில், பிரிக்காத தபால்களோடு கிடந்தது. இன்ஸ்பெக்டர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா, டீ சொல்றேன்."

"டீ குடிக்க வரல. ஒன்பது நாள் உசுரோட இருந்தாருய்யா. நான் பக்கத்துல இருந்திருப்பேன்."

அவள் தொடுத்த வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்கியே ஆக வேண்டும், உடனே ரசீது தர வேண்டும், ஆஸ்பத்திரிக் கடிதங்களோடு அன்றே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏட்டை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காகப் போலீஸ் தொடங்கிய உதவி மையத்தின் திறப்பு விழாவில் ஓர் அதிகாரி அவளுடைய பொறுமையைப் புகழ்ந்தார். அவள் எழுந்து, "பொறுமையா? உங்க ஆளுங்க மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு எரியுது" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

இப்போது யார் வீட்டில் ஆள் காணாமல் போனாலும் அவளிடம்தான் வருகிறார்கள். மிஷினை மூடிவிட்டுக் கூடப் போவாள். ரசீது கைக்கு வரும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்க மாட்டாள்.

நாத்தனார் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இவளும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.