கைப்பிடியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்

புகைச் சோதனையில் எங்கள் கார் தோற்றபோது, குற்றவாளி எது என்பதில் வரிசையில் நின்ற யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த இரும்புக் கைப்பிடிதான்.

என் மகளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. இடது கால் நல்ல கால். கிளச்சை அது பார்த்துக்கொள்ளும். வலது கால் செய்ய வேண்டிய வேலைகளைக் கைக்கு மாற்றித் தர முடியுமா என்று வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் கேட்டோம். எங்கள் பழைய பெட்ரோல் காரில் அவர் அந்தக் கைப்பிடியைப் பொருத்தித் தந்தார். இழுத்தால் ஆக்சிலேட்டர், முன்னால் தள்ளினால் பிரேக். மற்றவர்கள் ஓட்டுவதற்குக் கால் மிதிகளும் அப்படியே இருந்தன.

அவளுக்கு வள்ளியூரில் கணக்கு டீச்சர் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ். ஏறும்போது கண்டக்டர் இடுப்பில் கைகொடுத்துத் தூக்குவார். இறங்கும்போது யாராவது ஒருவர். எல்லாரும் நல்லவர்கள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, இனி என்னை மூட்டை மாதிரி யாரும் தூக்கி ஏத்தக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

மாற்றம் செய்த வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் புகைச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லையென்றால் அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் மறுபடியும் பஸ்ஸும் கண்டக்டரின் கையும்தான். அதுவரை அவள் மைதானத்தில் மட்டும் ஓட்டிப் பழகினாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னாலேயே நடப்பேன். என்னத்துக்கு நடந்தேன் என்று கேட்டால் தெரியாது. விழுந்தால் பிடிக்க அது சைக்கிளா?

சோதனைக்கு மெக்கானிக் ஓட்டிவந்தார். நானும் மகளும் பின் சீட்டில். சோதிக்கிறவர் சைலன்சரில் குழாயைச் செருகிவிட்டு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னவே இது, காருக்குள்ள கலப்பையக் கட்டி வச்சிருக்கீரு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, மிஷினில் எண் ஏறிக்கொண்டே போய் அளவைத் தாண்டி நின்றது.

"இதக் கழட்டிட்டு வாரும். கையும் காலும் சேந்து பெட்ரோல ஊத்துனா புகை வராம பன்னீரா வரும்?"

"கைப்பிடி சும்மா நிக்கு அண்ணாச்சி," என்றார் மெக்கானிக். "இழுத்தாத்தானே அது வேலை செய்யும்?"

சோதிக்கிறவர் அதைக் காதில் வாங்கவில்லை. பின் சீட்டில் மகளின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் பிள்ளையா ஓட்டப் போவுது? ஏம்மா, ரெண்டு காலும் நல்லா இருக்கவனே நாங்குநேரி ரோட்டுல லாரிக்கு அடியில போயிருதான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

சாமிக்கு விளக்கேற்றும்போதெல்லாம் எனக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. முன்பின் தெரியாத ஒருவர் அதை நாலு பேர் நடுவில், அவள் முகத்துக்கு எதிரே, உரக்கக் கேட்டுவிட்டார். ஆனாலும் நான் விடவில்லை.

"பதில நான் சொல்லுதேன். உங்க மிசினு என்ன சொல்லுதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க, போதும்."

பட்டறையில், எஞ்சினுக்குள் தீப்பொறி தருகிற பிளக்கைக் கழற்றினார்கள். பெட்ரோல் சரியாக எரியாமல் அடுப்புக்கரி போல் இருந்தது. புது பிளக் போட்டு, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, மறுபடியும் போனோம். மறுபடியும் தோற்றோம். அந்த ஆள் கைப்பிடியை மட்டும் விரலால் காட்டிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

என் கணவர் வெளியூரில் வேலையாக இருந்தார். விஷயம் அவருடைய அண்ணனுக்கு எட்டி, அன்றைக்கே அந்த அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இதுக்குப் போயி அலைவாங்களா? நமக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இதே மாதிரி வண்டி வச்சிருக்கான். நம்பர் போர்ட மட்டும் மாத்தி மாட்டி அதக் காட்டுவோம். சீட்டு கைக்கு வந்துரும்."

"நடுரோட்டுல நம்ம கார் நின்னா, பெரியப்பா," என்றாள் மகள், "அந்தக் காரா வந்து தள்ளும்?"

"ஏட்டி, உனக்கு வாய்க்கு மட்டும் நாலு காலு."

நான் வேண்டாம் என்றேன். நாளைக்கு வேறு யாரோ தவறாக வந்து இவள் காரில் இடித்தால்கூட, ஏமாற்றிச் சீட்டு வாங்கிய வண்டிதானே என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். அத்தான் கோபித்துக்கொண்டார், ஆனாலும் எழுந்து போகவில்லை.

மறுநாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மகள்தான், "பாருங்கண்ணே, அது மேல குத்தம் இல்லன்னாவது தெரியட்டும்" என்றாள். ஆக்சிலேட்டரோடு சேர்ந்திருந்த அதன் கம்பியை மட்டும் விடுவித்தார். பிளக்கைத் துடைத்து மாட்டி, நன்றாக ஓடவிட்டு, திரும்பக் கழற்றினார். அதே கரி.

"கைப்பிடி இல்ல," என்றார்.

"நான்தான் சொன்னேனே!" என்றேன். உண்மையில் நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு எஞ்சின் பற்றி என்ன தெரியும்? ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தான் காப்பியை ஆற்றிக்கொண்டே சலித்துக்கொண்டார். "இந்த வண்டியப் போயி குத்தம் சொல்லுதானுவளே. கார்த்திகை மழையில கூட ஒரே சாவிக்குக் கிளம்புது. எம் பிள்ளையார் புண்ணியம்."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"அண்ணே, முன்னாடி எல்லாம் காலையில சோக்க இழுக்காம இது கிளம்பவே கிளம்பாது. கைப்பிடி போட்ட பிறகு நான் ஒரு நாளும் சோக்க இழுக்கல. ஏன் இழுக்க வேண்டி வரல?"

குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிற குமிழ்தான் சோக். கிளம்பியதும் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். கைப்பிடிக்கு இடம் விடுவதற்காக மெக்கானிக் அந்தக் குமிழை டாஷ்போர்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். அவர் போனட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். குமிழ் உள்ளே போய்த்தான் இருந்தது. ஆனால் நீளம் போதாமல் அதன் கம்பி வளைந்து இழுபட்டு, பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரில் பாதி சோக் எந்நேரமும் போட்டபடி இருந்தது. நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கொண்டாடிய அந்த ஒரே சாவிதான் நோய். வண்டி மாதக்கணக்கில் தேவைக்கு மேல் பெட்ரோலைக் குடித்துக் கரியைக் கக்கியிருக்கிறது.

"என் வேலைதான் தாயி," என்றார் மெக்கானிக். நீளமான கம்பி வாங்கிவந்து மாற்றினார். மறுநாள் காலையில் வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. மகள் சோக்கை இழுத்தாள்; கிளம்பியது. நாங்கள் இருவரும் கைதட்டினோம்.

மூன்றாவது முறை போனபோது கைப்பிடியை மறைக்கவில்லை. நானே அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். வாசல்வரை மெக்கானிக் ஓட்டிவந்தார்; அங்கே நான் மகளை ஸ்டீயரிங் முன்னால் உட்காரச் சொன்னேன். சோதிக்கிறவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னும் கழட்டலியாம்மா?"

"இல்ல. குழாயச் செருகுங்க."

எண் ஏறியது. அளவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவர் குழாயை உருவி மறுபடி செருகிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். அதே எண்தான். மகள் கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்து எஞ்சினை உறுமவிட்டாள். அது தேவையே இல்லை. ஆனால் நான் தடுக்கவில்லை.

சீட்டைக் கொடுத்த கையோடு, அவள் இறங்குவதற்கு உதவ அவர் கையை நீட்டினார். "இருக்கட்டும் அண்ணாச்சி, நானே இறங்குவேன்," என்றாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாரும் காத்திருந்தோம். ஊன்றுகோலை ஊன்றி, தானே இறங்கி நின்றாள்.

வண்டிக்கு அனுமதியும் அவளுக்கு ஓட்டுநர் உரிமமும் கிடைத்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸை முன் சீட்டில் வைத்துக்கொண்டு வள்ளியூருக்குப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "வந்தா நீ லாரிய எல்லாம் எண்ணிட்டே வருவ, வேண்டாம்" என்றாள்.

கார் தெருமுனை திரும்பியது. எதிர்வீட்டு அக்கா வாளியோடு வெளியே வந்தார்.

"தனியாவா அனுப்புதீய?"

வாசல் கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா, தனியாத்தான்," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.